இருவர் இருவராக

"கண் ஒப்பரேஷனுக்கு நாள் குடுத்திட்டாங்க மகள். துணைக்கு ஒரு ஆள் வரட்டாம்."

தொலைபேசியில் அம்மா இதைச் சொன்னபோது அந்த ஒரு சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது. துணைக்கு. சிறுவயதில் எங்கள் வீட்டில் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். அதிகம் வெறுத்த சொல்லும் அதுதான். கனடாவின் ஸ்காபரோவிலிருந்து கட்டுநாயக்காவுக்கும், அங்கிருந்து இரவு பஸ்ஸில் திருகோணமலைக்கும் அந்தச் சொல்லோடுதான் வந்து சேர்ந்தேன். விடியப்புறம் பஸ்ஸால் இறங்கியபோது தெருவோரத்தில் மான்கள் நின்றன. அவை அப்போதும் அப்படித்தான் நின்றன.

எழுபதுகளில் எங்கள் வீடு மரியாள் பேராலயத்துக்குக் கிட்ட இருந்தது. 1852இல் கட்டிய, வான்நீல முகப்புக் கோயில். அப்பா டொக்யார்ட்டில் பிற்றராக இருந்தார். பிரிட்டிஷ் கடற்படை 1957இல் கப்பலேறிப் போன பிறகும் எங்கள் தெருவில் பாதிப்பேரின் சோறு துறைமுகத்திலிருந்துதான் வந்தது. அம்மா வீட்டிலே இருந்தார் என்று சொல்லத்தான் ஆசை. அம்மா வீட்டிலே இருக்கவில்லை. அவர் மரியாயின் சேனையில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கூட்டம். கோயிலுக்குப் பக்கத்து அறையில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, மாதா சுரூபம், இரண்டு பூச்சாடி, இரண்டு மெழுகுதிரி. முழந்தாளில் நின்று செபமாலை சொல்வார்கள். பிறகு ஒவ்வொருவரும் போன கிழமை தமக்குத் தந்த வேலையைப் பற்றி அறிக்கை சொல்ல வேண்டும். நான் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தச் சேனைக்கு இரண்டு விதிகள் இருந்தன. வேலைக்குத் தனியே போகக்கூடாது, இரண்டு பேராகப் போகவேண்டும். போகும் இடத்தில் பணமோ பொருளோ கொடுக்கக்கூடாது. முதலாவது விதி பிள்ளைக்கும் விளங்கியது. இயேசு தம் சீடரை ஊர்களுக்கு அனுப்பியதும் இருவர் இருவராகத்தானே. இரண்டாவதுதான் எனக்கு விளங்கவில்லை. ஏழையிடம் வெறுங்கையோடு போய் என்ன செய்வது? கொடுக்கிறதுக்கு வின்சென்ட் டி போல் சபை இருக்கிறது என்று அம்மா சொன்னார். "நாங்க எங்களைத்தான் கொண்டுபோறம்."

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று வெகு காலத்துக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1921 செப்டம்பர் 7, அயர்லாந்தின் டப்ளின் நகரம். பிரிட்டிஷ் படைக்கும் ஐரிஷ் போராளிகளுக்கும் இடையே துப்பாக்கிகள் ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஃபிராங் டஃப் என்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரும், பெரும்பாலும் இளம்பெண்களான சில பேரும் ஒரு மேசையைச் சுற்றிக் கூடினார்கள். டஃப் வின்சென்ட் டி போல் சபையில் வேலை செய்து வந்தவர். உணவும் உடையும் கொடுக்க அந்தச் சபை இருந்ததால், இவர்கள் வேறொன்றைச் செய்யத் தீர்மானித்தார்கள். ஏழைகளுக்கான ஓர் ஆஸ்பத்திரிக்கு இரண்டிரண்டு பேராகப் போய் நோயாளிகளின் கட்டிலருகில் இருப்பது. அதுதான் முதல் வேலை. மரியாயின் சேனை அங்கே தொடங்கியது. அந்த வேலை ஐம்பது வருடம் கழித்து கொட்டியாரக் குடாவின் கரைக்கு எப்படி அப்படியே வந்து சேர்ந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அந்த நாளில் குடாவின் மறுகரையில் இருக்கும் மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வருவது லேசான காரியம் இல்லை. தரைவழி என்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு துறையிலும் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் தெப்பம். அதைவிட லோஞ்சு மேல். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் அந்த லோஞ்சில் ஒரு மணித்தியாலம் இருப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். சம்பூர், கட்டைபறிச்சான், தோப்பூர், மூதூர் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைத்தாச்சிகள் அதில்தான் பெரியாஸ்பத்திரிக்கு வந்தார்கள். கூட வந்த புருஷன் அடுத்த லோஞ்சில் திரும்பிவிடுவான். வயலோ வள்ளமோ அவனைக் கூப்பிடும். பிறகு அந்தப் பெண் வாட்டில் தனி.

அங்கேதான் அம்மா போவார். அவரோடு சோடியாகப் போனவர் எங்கள் கோயில் சங்கிலித்தாமின் மனைவி. நாங்கள் மாமி என்போம். இரண்டு பேரும் என்ன செய்தார்கள் என்று கேட்டால் எடுத்துச் சொல்வதற்கு அதிகம் இல்லை. கட்டிலருகில் இருந்தார்கள். தலை வாரிவிட்டார்கள். துண்டில் டொக்டர் எழுதியதை வாசித்துச் சொன்னார்கள். நேர்ஸைக் கூப்பிடப் பயந்தவளுக்காகக் கூப்பிட்டார்கள். நோவு வந்த நேரம் கையைக் கொடுத்தார்கள். சைவமா, வேதமா, இஸ்லாமா என்று கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை அறிக்கையில் அம்மா சொல்வது இவ்வளவுதான்: "வாட்டுக்குப் போனோம். ஒரு பிள்ளையோட இருந்தோம். விடியக் குழந்தை பிறந்தது."

எனக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழா. மனனப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. மனனம் செய்ததை மேடையில் சொல்லிக்காட்ட வேண்டும். மண்டபத்தில் அம்மாவைத் தேடினேன். இல்லை. அப்பா வேலையில். சொல்லி முடித்து, பரிசுப் புத்தகத்தை நெஞ்சில் அணைத்தபடி தனியே வீட்டுக்கு நடந்தேன். அம்மா பொழுதுபட்ட பிறகுதான் வந்தார். முதல்நாள் இரவிலிருந்து வாட்டில் இருந்திருக்கிறார்.

"அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் இல்லை மகள். உனக்கு ரீச்சர்மார் இருந்தவைதானே."

நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. யாரோ ஒருத்தியின் பிரசவம் என் பரிசைவிட எப்படிப் பெரிதாயிற்று என்ற கேள்வி என்னோடு பல வருடம் இருந்தது. பதினைந்து வருடம் கழித்து நானே ஒரு பிரசவ வாட்டில், ஒருவரும் இல்லாமல், தெரியாத பாஷைக்குள் கிடந்த இரவில்தான் அது போயிற்று.

பிறகு எண்பதுகள் வந்தன. டப்ளினின் ஆஸ்பத்திரிக்காக எழுதிய விதி எங்கள் ஊரில் வேறு ஒன்றாக மாறியது.

இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடக்கும். முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் பொடியன்மாரை நிறுத்துவார்கள். சிலர் திரும்பி வருவார்கள், சிலரை வாகனத்தில் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கதவு தட்டப்படும். வந்து நிற்பவள் ஒரு தாய். முகாம் வாசலில் போய்க் கேட்கவேண்டும், தனியே போகப் பயம். ஆம்பிளையைக் கூட்டிக்கொண்டு போனால் அவனும் திரும்பி வரான் என்ற பயம். அம்மா ஒன்றும் கேட்கமாட்டார். சேலையை மாற்றுவார். கைப்பையில் செபமாலை, அடையாள அட்டை, ஒரு சின்னக் கொப்பி, பென்சில். வழியில் மாமியையும் கூப்பிட்டுக்கொள்வார்.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். நடந்து போகும்போதே அம்மா அந்தத் தாயிடம் கேட்டு எழுதிக்கொள்வார். பிள்ளையின் முழுப்பெயர், என்ன சேட்டு, எத்தனை மணி, எந்தச் சந்தி, என்ன நிற வாகனம், ஆர் ஆர் கண்டது. வாசலில் யாரோடு கதைத்தோம், அவர் என்ன சொன்னார் என்பதையும் திரும்பி வரும் வழியில் எழுதுவார். தனியே போகிறவளிடம் எதையும் சொல்லி அனுப்பிவிடலாம். இரண்டாவது ஆள் நின்றால் சொன்னது ஞாபகம் இருக்கும் என்பார். அழுகிற தாய்க்குக் காது அடைத்திருக்கும், அதனால் கேட்கிறதுக்கு இன்னொரு காது வேண்டும் என்றும் சொல்வார். சட்டம் படித்த எவரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாட்டில் டொக்டர் சொன்னதை நோயாளிக்குத் திருப்பிச் சொல்லிப் பழகியதில் வந்த அறிவு அது.

அறிக்கை பழையபடிதான் இருந்தது. "ஒரு தாயோட போனோம். ஏழு மணித்தியாலம் நின்றோம். திரும்பி வந்தோம்." குழந்தை பிறந்தது என்ற கடைசி வரி மட்டும் இல்லை.

கனடாவுக்குப் போன பிறகு ஒரு நூலகத்தில் சர்வதேச சமாதானப் படையணிகள் என்ற அமைப்பைப் பற்றி வாசித்தேன். அவர்கள் 1989 முதல் 1998 வரை இலங்கையில் இருந்திருக்கிறார்கள். அச்சுறுத்தப்பட்ட சட்டத்தரணிகள், தொழிற்சங்கக்காரர், காணாமற்போனோரைத் தேடுகிறவர்கள் ஆகியோரோடு வெளிநாட்டுத் தொண்டர்கள் கூடவே நடந்தார்கள். தீங்கு செய்ய நினைக்கிறவன் சாட்சிக்கு முன்னால் தயங்குவான் என்பதுதான் அந்த வேலையின் அடிப்படை. 2003இல் வன்முறையற்ற சமாதானப் படை என்ற இன்னோர் அமைப்பு வந்து மூதூரிலும் நிலையம் வைத்தது. 1980இல் பெட்ரோ அருப்பே தொடங்கிய யேசுசபையின் அகதிகள் சேவை தன் பணிகளில் முதலாவதாகச் சொல்வதும் கூட நடத்தலைத்தான். வாசித்து முடித்த அன்று நூலகத்திலேயே அழுதேன். அம்மா செய்த வேலைக்கு உலகத்தில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. அந்தத் தொண்டர்களுக்குப் பின்னால் ஒரு கடவுச்சீட்டும் ஒரு தூதரகமும் இருந்தன. அவர்கள் செய்தது பெரிய வேலை, அதை நான் முழுமனதோடு மதிக்கிறேன். அம்மாவுக்குப் பின்னால் மாமி இருந்தார்.

துணை எப்போதும் காப்பாற்றும் என்று நான் சொல்லவரவில்லை.

யூஜின் ஜோன் ஹேபர்ட் என்ற யேசுசபைக் குருவைக் கிழக்கில் தெரியாத ஒரு தலைமுறை இல்லை. லூசியானாவின் ஜெனிங்ஸ் என்ற ஊரில் 1923இல் பிறந்தவர், 1948இல் இலங்கைக்கு வந்தவர். திருகோணமலையில் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் கூடைப்பந்து பழக்கியவர். எங்கள் அண்ணன்மார் அவர் பெயரைச் சொல்லும்போதே கையில் பந்து இருப்பதுபோல் நிற்பார்கள். போர் வந்த பிறகு மட்டக்களப்பின் சமாதானக் குழுவில் இருந்து, காணாமற்போனவர்களுக்காகக் கதவு கதவாகத் தட்டினார். 1990 ஆகஸ்டில் கிழக்கு மாகாணம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்றார்கள். 12ஆம் திகதி ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். தமிழர்கள் மறுபக்கம் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 15ஆம் திகதி, மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாள். வாழைச்சேனையில் அகப்பட்டிருந்த கன்னியாஸ்திரிகளை வெளியே எடுக்க வழிசெய்யப் போயிருந்த ஹேபர்ட், ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். ஏறாவூர்ப் பக்கத்தில் காணாமற்போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஸ்கூட்டரில் இன்னொருவர் இருந்தார். பேட்ராம் பிரான்சிஸ். தமிழ் இளைஞர். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் குருவின் பெயரை நினைக்கும்போது அம்மா இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்வார். பூசைக்குக் காணிக்கை கொடுக்கும்போதும் இரண்டு பெயரும் எழுதுவார். அந்த வாரத்தில் அந்தத் தெருவில் போவது எப்படிப்பட்டது என்று தமிழ்ப் பொடியனுக்கு விளங்காமல் இருந்திருக்காது. என்ன நினைத்து ஏறினார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் கூடப் போனார், அவ்வளவுதான் தெரியும். நான் அறிந்த வேதசாட்சிகளில் அவர் ஒருவர். அவருக்கென்று ஒரு சுரூபமும் இல்லாதது எனக்கு மனக்குறைதான்.

அடுத்த வருடம் நான் ஊரை விட்டுப் போனேன். கொழும்பு பஸ். அப்பா நெருப்புக் காய்ச்சலில் கிடந்தார், அம்மாவால் வரமுடியவில்லை. எத்தனையோ பேருக்குத் துணைக்குப் போனவர் தன் மகளைத் தனியே அனுப்பினார். பஸ் எடுக்கும்வரை என் கையை விடவில்லை. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி ஏற்றிவிட்டு என்னை மட்டும் நிற்கச் சொன்னார்கள். பஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது முக்காடு போட்ட ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். "என்ட மகளோட படிச்ச புள்ள" என்றார் தமிழில். பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னார். அவரை அதற்கு முன் நான் கண்டதில்லை. அவருடைய ஊர் கிண்ணியா என்பதை மட்டும் பிறகு கேட்டறிந்தேன். காத்தான்குடியும் ஏறாவூரும் நடந்து ஒரு வருடம் ஆகவில்லை. தமிழ்ப் பெண் ஒருத்திக்காக அவர் இறங்கவேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. அவரும் நானும் அரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம். பிறகு போகச் சொன்னார்கள்.

அந்த ராத்தாவின் பெயரை நான் கேட்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது அதுதான்: "பேர் என்னவாம்?"

சுனாமிக் காலத்தில் நான் இங்கே இல்லை. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கிண்ணியா ஆஸ்பத்திரியே அழிந்துபோயிற்று. உறவினரின் உடலை அடையாளம் காட்டப் போகிறவர்களோடு அம்மா பல நாள் போய் நின்றார் என்று மாமிதான் எழுதினார். அம்மா அதைப் பற்றி இன்றுவரை வாய் திறந்ததில்லை.

இப்போது கிண்ணியாவில் பாதை இல்லை. 2009இல் திறந்த 396 மீற்றர் பாலத்தில் ஓட்டோ ஒரு நிமிடத்தில் ஓடிவிடுகிறது. மூதூர்ப் பிள்ளைத்தாச்சி லோஞ்சுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அவசரம் என்றால் 1990 என்ற எண்ணுக்கு அடித்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும். நல்ல சேவை, எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அந்த எண்ணை அம்மா ஒரு தரமும் எண்ணாகச் சொன்னதில்லை. "அந்த வருஷத்துக்கு அடி" என்பார்.

மாமி இப்போது இல்லை. சேனையில் மிச்சம் ஏழு பேர், எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். அவர்களுடைய வேலைப் பட்டியலைக் கொப்பியில் பார்த்தேன். பெரும்பாலும் வயதான தனி ஆட்கள். பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், மெல்பேர்ணில். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியவர், வங்கியில் கையெழுத்து வைக்கத் துணை வேண்டியவர், இரவில் பயப்படுகிறவர். 2022இல் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றபோது, இந்தக் கிழவிகள் தங்களைவிட வயதான கிழவிகளோடு மாறி மாறி வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

பட்டியலில் ஐந்தாவதாக அம்மாவின் பெயர் இருந்தது. முழங்கால் நோவுக்குக் கிளினிக், மாதத்தில் ஒரு தரம். நான் கொப்பியை மூடினேன்.

முப்பது வருடமாக நான் ஒரு மாதமும் தவறாமல் காசு அனுப்பினேன். அந்தச் சேனை எதைக் கொடுக்கக்கூடாது என்று விதித்ததோ அதைக் கொடுத்தேன். அது கேட்டதைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். சேனைக்காரர் வரமுடியாத மாதங்களில் பக்கத்து வீட்டுச் சைவப் பொடியன் ஓட்டோவில் ஏற்றிப்போய், வாசலில் விட்டுவிட்டு வராமல், உள்ளே போய் நம்பர் துண்டு எடுத்துக் கூட இருந்திருக்கிறான். இளைப்பாறிய ஒரு மெதடிஸ்த ரீச்சர் அம்மாவுக்குத் தினசரி வேதம் வாசித்திருக்கிறார், கண்ணில் புரை விழுந்த நாளிலிருந்து. இவர்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று அம்மாவைக் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

ஒப்பரேஷன் அன்று காலை ஆறு மணிக்குப் போனோம். பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டது. வலது கண்ணில் வெள்ளைக் கட்டோடு அம்மாவைக் கொண்டுவந்து வாங்கில் இருத்தினார்கள். நான் பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். துணைக்கு. ஐம்பது வருடம் பிந்தி, ஒரு தரம்.

எதிர் வாங்கில் ஒரு சிங்களப் பெண் இருந்தார். அம்மாவின் வயதுதான். கோமரங்கடவலப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவராம். கூட வந்த பேரன் ஏதோ மருந்து வாங்க வெளியே போய் இன்னும் வரவில்லை. அவருடைய முறை நெருங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த துண்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். நான் அதைக் கண்டேன். கண்டுவிட்டு அம்மாவின் கட்டைப் பார்த்தேன்.

அம்மா ஒரு கண்ணால் என்னைவிட நன்றாகக் கண்டிருக்கிறார். என் கையிலிருந்து தன் கையை மெல்ல எடுத்தார்.

"அம்மா, நீங்க இருக்கோணும். அசையப்படாது எண்டு சொன்னவை."

"நாலு எட்டுத்தானே மகள்."

சுவரைப் பிடித்து எழும்பினார். எதிர் வாங்கை நோக்கித் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "பய வென்ன எப்பா, அக்கே" என்றார், பயப்படவேண்டாம் அக்கா என்று. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். அம்மா ஓர் அடி வைத்துவிட்டு நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீயும் வா. தனியப் போகப்படாது."

நான் அவருடைய கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.